ராணி கொடுத்த தண்ணீர்

பாலைவனத்தைப் பற்றி நாம் பதினெட்டு வருஷ காலம் பாடம் நடத்தினோம். பத்தொன்பதாவது வருஷத்தில்தான் பாலைவனத்தைக் கண்ணால் கண்டோம். இதில் ஏதோ முன்பின்னாக இருக்கிறதே என்று நேயர்களுக்குத் தோன்றலாம். பூகோள உபாத்தியாயர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை. எவரெஸ்டு சிகரத்தைப் பற்றிப் பாடம் சொல்லுகிறவர்கள் எல்லாரும் அதன்மேல் ஏறி இறங்கியவர்களா, என்ன?

நமக்குச் சொந்த ஊர் மன்னார்குடி. அங்கே ராஜகோபாலஸ்வாமி கோயில் தெப்பக்குளத்தின் விஸ்தீரணம் 23 ஏக்கர். அதற்கு ஹரித்ரா நதி என்று பெயர். குளத்துக்கே நதியென்று பெயர் வைத்த ஊர் அது. தண்ணீர் விஷயத்தில் எங்கள் முன்னோர்களுடைய மனோபாவம் எவ்வளவு தாராளமானது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். நாம் நடக்கக் கற்றுக்கொண்ட கையோடு நீந்தவும் கற்றுக்கொண்டோம். அப்பேர்ப்பட்ட நாம் வருஷந்தோறும் கரும்பலகைக்கு முன்னால் நின்று, "பாலைவனமாவது, மழை குறைந்து, மணல் மிகுந்து, மக்கள் அருகி, ஆங்காங்கே பேரீச்ச மரங்கள் சூழ்ந்த சோலைகளை உடைய பிரதேசம்" என்று கம்பீரமாக எழுதிப்போடுவோம். அதை அப்படியே ஒப்புவித்த பையனுக்கு ஐந்துக்கு ஐந்து. 'மழை குறைந்து' என்பதை விட்டுவிட்டால் நான்கு. ஒரு தரம் போட்ட மார்க்கை எக்காரணத்தைக் கொண்டும் திருத்துவதில்லை என்பது நம்முடைய விரதம். இந்த விரதத்தைப் பற்றி நமக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மத்திய அரசாங்கப் பள்ளிக்கூட உத்தியோகத்தில் ஒரு விசேஷம் உண்டு. எந்த நாட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறோமோ அந்த நாட்டுக்கே ஒரு நாள் மாற்றிவிடுவார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் நமக்கு அப்படி ஓர் உத்தரவு வந்தது: ராஜஸ்தானத்தில், ஜெய்சல்மேர் ஜில்லா.

உத்தரவைப் படித்துக் காட்டியவுடன் நம் மனைவி கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தூரம்?" என்பதல்ல, "அங்கே தண்ணீர் வருமா?" என்பதுதான்.

"அந்த ஜில்லாவின் பரப்பு 38,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் அதிகம். 2011-ம் வருஷத்துக் கணக்குப்படி ஜனங்கள் சுமார் 6,70,000 பேர்தான். சதுர கிலோமீட்டருக்குப் பதினேழு பேர்" என்றோம் நாம்.

"ஜனங்களை யார் கேட்டார்கள்? தண்ணீரைக் கேட்டேன்" என்றாள்.

மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கு வாரத்தில் ஒரு நாள் நேராக ஒரு ரயில் போகிறது. காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களைப் பிடித்து மணலில் கொண்டுபோய் இறக்குவதற்கென்றே அதை விட்டிருக்கிறார்கள் என்பது நம் மனைவியின் அபிப்பிராயம். ஜோத்பூரிலிருந்து மேற்கே இன்னும் சுமார் 300 கிலோமீட்டர் போனால் ஜெய்சல்மேர். 1156-ம் வருஷத்தில் ராவல் ஜெய்சல் என்ற அரசர் ஸ்தாபித்த நகரம். மஞ்சள் கல்லால் கட்டிய கோட்டை சாயங்கால வெயிலில் பொன்னாகவே தோன்றும். சத்யஜித் ராய் 1974-ம் வருஷத்தில் எடுத்த படத்துக்குப் 'பொற்கோட்டை' என்று பெயர் வந்ததும் அதனால்தான். நாம் போய்ச் சேர்ந்தது கோட்டைக்கல்ல. அங்கிருந்து வெகு தொலைவில், அறுபது வீடுகள் கொண்ட ஒரு கிராமத்துக்கு. பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்களுக்கு வீடுகள் கட்டி முடியவில்லையாதலால் கிராமத்திலேயே இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துக்கொண்டோம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் நாம் ஸ்நானம் செய்தோம். இதை ஒரு செய்தியாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முற்றத்தில் நின்றுகொண்டு, இரண்டு வாளி தண்ணீரைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு, வழக்கம்போல் ஸ்தோத்திரமும் சொன்னோம். தண்ணீர் ஓடி மணலில் மறைந்தது. மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் முக்காட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். சற்று நேரத்துக்கெல்லாம் வீட்டுக்கு வந்து நம் மனைவியிடம் மிகுந்த கவலையோடு விசாரித்தாள்:

"மாட்சாபுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா, பேட்டீ? கடுமையான ஜுரமா?"

'மாட்சாப்' என்பது 'மாஸ்டர் சாஹேப்' என்பதன் மரூஉ. 'பேட்டீ' என்றால் மகளே. சித்தம் பேதலித்தவனும் ஜுரம் தலைக்கேறியவனும் தவிர வேறு யாரும் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே தடவையில் தரையில் கொட்டமாட்டார்கள் என்பது அந்த ஊர் வைத்திய சாஸ்திரம். அங்கே ஸ்நானம் செய்கிறவர் கயிற்றுக் கட்டிலின்மேல் உட்கார்ந்துகொள்கிறார். கட்டிலுக்குக் கீழே ஓர் அகலமான பாத்திரம் இருக்கிறது. உடம்பிலிருந்து வழிகிற ஜலம் அதில் விழுகிறது; அதில் துணி துவைக்கிறார்கள்; துவைத்து மிஞ்சியது வாசல் மரத்துக்குப் போகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் மூன்று உத்தியோகம் பார்த்த பிறகுதான் அதற்குப் பென்ஷன்.

பாத்திரம் துலக்குவதற்கோ தண்ணீரே கிடையாது. உலர்ந்த மணலைப் போட்டுத் தேய்த்துத் தட்டிவிட்டால் தீர்ந்தது. இதைப் பார்த்து நம் மனைவி முதல் வாரம் முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களின் பளபளப்பைக் கண்டு மௌனமானாள். மூன்றாவது வாரம், நாம் பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது, வாசலில் உட்கார்ந்து மணலால் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நீண்ட கால இல்லறத்தில் இப்படிப்பட்ட மௌனங்கள் மிகவும் பிரயோஜனமானவை.

மணல் பாத்திரத்துக்கு வெளியே இருந்த வரையில் தகராறு இல்லை. சித்திரை வைகாசியில் 'ஆந்தி' என்ற புழுதிக் காற்று அடிக்கத் தொடங்கும். அப்போது வானம் காவி நிறமாகிவிடும். கதவைச் சாத்தி, ஜன்னலை அடைத்து, இடுக்குகளில் துணியைச் செருகிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாலும், சாம்பாரில் பருப்புக்குச் சமமாக மணல் இருக்கும். பல்லில் நறநறவென்று கடிபடும்போது, "இது பருப்பு வேகாத சப்தமா, மணலா?" என்று கேட்பது அபாயகரம். எல்லாம் மணல்தான் என்று ஒப்புக்கொள்வதே உத்தமம். நம்முடைய சமையலறை வரலாற்றில் வேகாத பருப்புக்கு இவ்வளவு நல்ல காலம் வேறெப்போதும் வந்ததில்லை.

ஆகாரத்தைப் பற்றி நாம் பயந்துகொண்டே போனோம். முதல் நாள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மண்சட்டியில் ஏதோ கொண்டுவந்து வைத்து, "ராப்டீ" என்றார்கள். மோரும் மாவுமாய், இளம்புளிப்பாய், குளிர்ந்து இருந்தது. ஒரு வாய் குடித்தோம். நம் பாட்டியின் ஞாபகம் வந்துவிட்டது. கம்பங்கூழ்! கம்புதான் அங்கே பிரதான தானியம். 'பாஜ்ரா' என்று ஹிந்தியில் சொல்லுகிறபோது நமக்கு அது என்னவோ அரேபியச் சரக்கைப்போல் தோன்றியது, அவ்வளவுதான். இன்னொரு நாள் 'சாங்கரி' என்ற நீண்ட உலர்ந்த காயைக் கறி பண்ணித் தந்தார்கள். அது எந்த மரத்தின் காய் என்று விசாரித்தபோது 'கேஜ்ரி' மரத்தைக் காட்டினார்கள். அது நம்முடைய வன்னி. விருத்தாசலத்தில் ஸ்தல விருட்சமாய் நின்று பிரதக்ஷிணம் பெற்றுக்கொள்ளும் அதே வன்னி, இங்கே காயை மனிதருக்கும், தழையை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும், நிழலை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. 1730-ம் வருஷத்தில் ஜோத்பூருக்கு அருகேயுள்ள கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த அரசரின் ஆட்களைத் தடுத்து, மரங்களைக் கட்டிக்கொண்டு, அமிருதா தேவி முதலாக 363 பிஷ்ணோயி மக்கள் உயிர் விட்டார்கள். வன்னியை நாமும் வணங்குகிறோம்தான். ஆனால் நம்முடைய வணக்கத்தை அதுவரையில் யாரும் அப்படிச் சோதித்துப் பார்த்ததில்லை.

சாயங்காலமானால் வீட்டு வாசல்களில் கயிற்றுக் கட்டில்கள் வந்துவிடும். பகலில் 45 டிகிரி காய்ந்த மணல், இருட்டியதும் மளமளவென்று குளிர்ந்துவிடும். ஆட்டுப்பால் தேநீரைக் குடித்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மேகத்தில் வந்து முடியும். வருஷத்தில் நாலைந்து தினங்கள் நன்றாக மழை பெய்தால் போதும் என்று எண்ணுகிற அந்த ஊரில் மேகத்துக்கு இருக்கிற பெயர்கள் நம்மைத் திகைக்க வைத்தன. பெரிய மேகம் 'பாதல்', அது ஆண்பால். சின்ன மேகம் 'பாதளி', அது பெண்பால். நிறத்துக்கு ஒரு பெயர், வடிவத்துக்கு ஒரு பெயர், வந்து ஏமாற்றிவிட்டுப் போகிறதற்கு ஒரு பெயர். மழையில் நனைந்து வளர்ந்த நமக்குத் தெரிந்ததெல்லாம் மேகம், கார்மேகம் இரண்டுதான்.

ஒரு நாள் ஒரு கிழவர் கேட்டார்: "மாட்சாப், உங்கள் தேசத்தில் எவ்வளவு மழை பெய்யும்?"

நமக்குப் பூகோளத்தைக் காட்டச் சந்தர்ப்பம் கிடைத்தது. "இங்கே வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். எங்கள் ஊரில் ஆயிரத்துக்கு மேல்" என்று பெருமையாகச் சொன்னோம்.

கட்டில்களில் சற்று நேரம் சப்தமேயில்லை. பிறகு அவர் மிகுந்த மரியாதையுடன், "அவ்வளவு தண்ணீரையும் எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"சமுத்திரத்துக்குப் போய்விடும்" என்றோம்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாட்சாப் ஹாஸ்யமாகப் பேசக்கூடியவர் என்று அன்று முதல் நமக்கு ஊரில் ஒரு பெயர் ஏற்பட்டது.

முதல் மழை ஆடி மாதத்தில் வந்தது. வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் நாலு துளி விழுந்த சப்தம் கேட்டதும் பையன்கள் பாய்ந்து வெளியே ஓடினார்கள். மன்னார்குடியில் மழை அதிகமானால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. இங்கே மழை வந்துவிட்டதே என்று விடுமுறை. வீட்டுக்கு வீடு 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றி வட்டமாகத் தரையைச் சரித்து, மெழுகி, மழை நீர் உள்ளே ஓடும்படி செய்திருக்கிறார்கள். முதல் துளி விழுவதற்குள் அந்தத் தரையைப் பெருக்கியாக வேண்டும். அன்று ஊரே துடைப்பமும் கையுமாக நின்றது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் மணலெல்லாம் பச்சைப் புல். முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் திரிந்த நிலையே பாலை என்று இளங்கோவடிகள் கருதியது நம் நினைவுக்கு வந்தது. பாலை என்பது ஓர் இடமல்ல, ஒரு பருவம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பி.ஏ. பட்டம் பெற்ற நமக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் கண்ணால் கண்ட பிறகாவது நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வருஷப் பரீட்சைக்கு ஒன்பதாம் வகுப்பில் நாம் கேட்ட கேள்வி இது: "பாலைவனத்தில் வாழும் மக்களுக்குத் தண்ணீர் கிடைக்கும் வழிகள் யாவை? (ஐந்து மார்க்கு)". நாம் எதிர்பார்த்த விடை: சோலைகள், கிணறுகள், கால்வாய்கள். சோலை ஒன்றையும் நாம் அங்கே கண்டதில்லை. ஆயினும் விடையில் அது இருந்தாக வேண்டும்.

ஒரு பையன் இங்கிலீஷில் எழுதியிருந்த விடையை அப்படியே தமிழில் தருகிறோம்:

"எங்களுக்கு ராணி தண்ணீர் கொடுக்கிறாள். ராணி மிகவும் ஒல்லியானவள். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று குடம்தான் கொடுப்பாள். அவசரப்பட்டால் கொடுக்கமாட்டாள். ராணிக்கு நாங்கள் மூடி போட்டு வைக்கிறோம். என் கொள்ளுத்தாத்தா தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு ராணிக்குள் இறங்கினார்."

சிரித்துச் சிரித்து நமக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினோம். பிறகு சிவப்பு மையால் ஒரு பெரிய சுழியைப் போட்டோம். அந்தப் பையனுக்கு மொத்தம் 31 மார்க்கு. தேறுவதற்கு வேண்டியது 33.

மார்க்குகள் வெளியான மறுநாள் காலையில் பையனின் தாத்தா வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, காதில் கடுக்கன். சிபாரிசுக்குத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி நாம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டோம்.

"மாட்சாப், பையன் தண்ணீரைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டானாம். சரியான விடை என்னவென்று தாங்கள் சொன்னால் நாங்களும் தெரிந்துகொள்ளலாம். ஏழு தலைமுறையாய் நாங்கள் தப்பாகவே செய்துகொண்டிருக்கிறோம் போலிருக்கிறது" என்றார்.

அவர் பரிகாசம் செய்யவில்லை. பட்டணத்திலிருந்து வந்த படித்த மனுஷர் சுழி போட்டிருக்கிறார்; ஆகையால் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று மெய்யாகவே நம்பினார். நாம் சரியான விடையைச் சொன்னோம். "சோலைகள்" என்றதும், "அது எந்தப் பக்கம் இருக்கிறது, மாட்சாப்?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

பேச்சை மாற்றுவதற்காக, "பையன் ஏதோ ராணி என்று எழுதியிருக்கிறானே?" என்றோம். அவர் சற்று விழித்தார். பிறகு அவருக்கு விஷயம் புரிந்தது. "வாருங்கள், காட்டுகிறேன்" என்று அழைத்துக்கொண்டு போனார்.

ஊருக்கு மேற்கே, மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த இடம். அங்கே பத்துப் பன்னிரண்டு சிறு வாய்கள், ஒவ்வொன்றுக்கும் மர மூடி. அந்தப் பாஷையில் கிணறு 'குவா', ஆண்பால். சிறு கிணறு 'குயீ', பெண்பால். மேகத்துக்குச் செய்ததைப் போலவேதான் கிணற்றுக்கும் செய்திருக்கிறார்கள். 'குயீ' என்று சொல்லும்போது மூக்கால் ஓர் ஒலியையும் சேர்த்து, 'குயீன்' என்பது போல உச்சரிப்பார்கள். பையனுக்கு அதை இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்தது. அவனுக்குத் தெரிந்த எழுத்துக் கூட்டு ஒன்றே ஒன்று. அது இங்கிலாந்து தேசத்து ராணிக்கு உரியது!

கிழவர் மூடியைத் திறந்தார். ஓர் ஆள் இறங்கினால் கையை விரிக்க முடியாது, அவ்வளவு ஒடுக்கம். பக்கத்து மணல் சரியாதபடி, புல்லைத் திரித்த பருமனான கயிற்றை உள்ளே சுருள் சுருளாக அடுக்கியிருந்தார்கள். அடியில், வெகு ஆழத்தில், ஒரு கையகலம் வானம் தெரிந்தது.

அங்கே மணலுக்கு மேல் உட்கார்ந்து கிழவர் நமக்குப் பாடம் நடத்தினார். தண்ணீர் மூன்று வகை. வானத்திலிருந்து விழுந்து குளத்திலும் தொட்டியிலும் தங்குவது 'பாலர் பானி'. பூமிக்கடியில் கிணற்றில் கிடைப்பது 'பாதாள பானி'. அங்கே பெரும்பாலும் அது உப்பு. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று உண்டு: 'ரெஜாணி பானி'. மழை நீர் மணலில் இறங்கி ஈரமாகத் தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே சில இடங்களில் 'கடியா' என்ற வெள்ளைக் கட்டி ஒரு பாளமாகப் படிந்திருக்கிறது. அந்தப் பாளம் ஈரத்தைக் கீழேயுள்ள உப்புத் தண்ணீரில் கலக்கவொட்டாமல் தாங்கிக்கொள்கிறது. மேலே கனத்துக் கிடக்கும் மணல் அதை வெயிலுக்குக் கொடுக்காமல் மூடிக்கொள்கிறது. குயீயை வெட்டினால் அந்த ஈரம் நான்கு பக்கத்திலிருந்தும் துளித்துளியாய்க் கசிந்து சேர்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாக வெட்டினால் பாளம் உடைந்து நல்ல தண்ணீரும் போய்விடும். அகலமாக வெட்டினால் சேருகிற கொஞ்சமும் பரந்து ஆவியாகிவிடும். வெட்டுகிறபோது உள்ளே இருப்பவருக்கு மூச்சு முட்டாமலிருக்க, மேலே நிற்பவர்கள் பிடிப்பிடியாக மணலை வீசுவார்கள்; மணலோடு புதுக் காற்றும் உள்ளே இறங்கும். அந்த மணல் மண்டையில் அடிக்காமலிருக்கத்தான் தலையில் கவிழ்த்த பாத்திரம். குயீ வீட்டுக்கு வீடு தனி. ஆனால் ஈரம் ஊருக்குப் பொது. ஆகையால் ஊரார் சம்மதமின்றிப் புதிதாக ஒன்று வெட்ட முடியாது.

பையன் எழுதியதில் ஒரு வாக்கியமாவது தப்பில்லை.

"இப்போதுதான் கால்வாய் வந்துவிட்டதே?" என்று கேட்டோம். 1958-ம் வருஷத்தில் வேலை ஆரம்பித்து, பாஞ்சாலத்தில் ஹரிகே அணையிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர் ஓடி, 1987-ல் ஜெய்சல்மேர் ஜில்லாவின் மோஹன்கட்டை அடைந்த பெருங்கால்வாயைச் சொன்னோம். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக இந்த ஊருக்கும் வந்துகொண்டிருந்தது.

"வந்தது நல்லதுதான், மாட்சாப். குழந்தைகளுக்கு நடை மிச்சம். குழாய் வராத நாளைக்கு இவளை மறந்துவிடக் கூடாதே என்று மூடியை மட்டும் பழுது பார்த்துக்கொண்டு வருகிறோம்" என்றார். புறப்படும்போது, பையன் தேறாவிட்டால் ஜோத்பூரில் அவனுடைய மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பிவிடுவதாக அவனுடைய தகப்பனார் முடிவு செய்திருப்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். வேண்டுகோளாகச் சொல்லவில்லை, நாளைக்குக் காற்று அடிக்கும் என்று சொல்வதைப்போல் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர், "மார்க்குப் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விட்டதே. திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால், பாடத்தில் தங்களுக்கு ஏற்பட்ட அறியாமையால் நேர்ந்த பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். யோசித்துச் செய்யுங்கள். அது தங்கள் உத்தியோகக் கட்டில் என்றைக்கும் இருக்கும்" என்றார்.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. பதினெட்டு வருஷத்து விரதம் ஒரு பக்கம். சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போகும் பையன் ஒரு பக்கம். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: தராசு இரண்டு மூன்று மணி நேரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"கேட்டீர்களா? கோடைக்காலத்தில் நம் ஊர் ஆற்று மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற ஜலத்தைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவோமே, அதற்கு என்ன பெயர்?" என்றாள் நம் மனைவி, இருட்டில்.

"ஊற்று."

"அதை ஒரு பையன் எழுதினால் சுழி போடுவீர்களா?"

மறுநாள் எழுதிக் கொடுத்தோம். வகுப்பில் பையன்களுக்கு எதிரில், "இந்த விடை சரி, திருத்தியவர் செய்ததே பிழை" என்றும் சொன்னோம். ஆனால் ஐந்துக்கு நான்குதான் போட்டோம். ராணியின் எழுத்துக் கூட்டுக்காக ஒன்று குறைத்தோம். உபாத்தியாயர்களின் மானத்தையும் கொஞ்சம் காப்பாற்ற வேண்டாமா? பையனுக்கு 35 ஆயிற்று, தேறிவிட்டான்.

பின்னொரு நாள் பதினோராம் வகுப்பு ஹிந்தித் துணைப்பாட நூலைத் தற்செயலாகப் புரட்டினோம். அனுபம் மிச்ரா 1995-ம் வருஷத்தில் வெளியிட்ட 'ராஜஸ்தானத்தின் வெள்ளித் துளிகள்' என்ற நூலிலிருந்து ஒரு பகுதி அதில் இருந்தது. முழுக்க முழுக்கக் குயீயைப் பற்றியே! பூகோள உபாத்தியாயர் இல்லையென்று சுழி போட்ட பொருளை, அடுத்த அறையில் ஹிந்தி உபாத்தியாயர் வருஷந்தோறும் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார்.

நம் மனைவிக்கு மட்டும் அந்த ஊரில் ஒரு குறை இருந்தது. வாசலில் கோலம் போட்டால் கால் மணி நேரத்தில் காற்று அழித்துவிடும். இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் ஒரு நாள் சாணம் மெழுகிய தரையில் வெள்ளைக் குழம்பால் 'மாண்டணா' போட்டுக் காட்டினாள். அது அவர்கள் கோலம். அழியாமல் நின்றது. பிறகு ஒரு வெள்ளைக் கட்டியை நம் மனைவியின் கையில் கொடுத்து, "கடியா" என்றாள். குயீயின் அடியில் ஈரத்தைத் தாங்குகிற பாளத்துக்கும் அதே பெயர். அதை வாங்கி நாம் உற்றுப் பார்த்தோம். விரலில் மாவாக ஒட்டியது. எங்கேயோ பழகிய ஸ்பரிசமாயிருந்தது. சாக்குக் கட்டி! கரும்பலகையில் எழுதும் கட்டியைச் செய்வது ஜிப்ஸத்தில்தான். இந்தியாவில் எடுக்கப்படும் ஜிப்ஸத்தில் பெரும்பகுதி ராஜஸ்தானத்து மண்ணிலிருந்து வருகிறது. பாலைவனத்தில் தண்ணீரைத் தாங்குகிற பொருளையே கையில் பிடித்துக்கொண்டு, பாலைவனத்தில் தண்ணீர் இல்லை என்று நாம் பதினெட்டு வருஷம் எழுதியிருக்கிறோம்.

நாலு வருஷம் கழித்து நமக்குத் தெற்கே மாற்றலாயிற்று. ரயிலுக்குப் புறப்படும்போது பெரியம்மாள் நம்மிடம் ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்: "மாட்சாப், ஊருக்குப் போய் ஜுரத்தை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்."

இப்போது மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் ஹரித்ரா நதிக் கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறோம். 23 ஏக்கர்! "அவ்வளவு தண்ணீரையும் எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டாரே கிழவர், அவருக்கு இந்தக் குளத்தைக் காட்டியிருக்கலாம் என்று தோன்றும். சமுத்திரத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தோமே தவிர, நம் முன்னோர்கள் வெட்டி வைத்த குளம் அப்போது நம் நினைவுக்கே வரவில்லை.

பையன் ஜோத்பூரில் கல்லூரியில் படிக்கிறான். போன மாதம் கடிதம் எழுதியிருந்தான். அவனுடைய இங்கிலீஷ் இப்போது நன்றாயிருக்கிறது. ஒரு பிழைகூட இல்லை. குயீயை மட்டும் ராணியென்றே எழுதியிருந்தான். நாம் சிவப்பு மையை எடுக்கவில்லை.

நம் வீட்டில் எங்கேயாவது குழாய் சொட்டுகிற சப்தம் கேட்டால், சமையலறையிலிருந்து உடனே ஒரு குரல் வருகிறது: "ராணி அழுகிறாள், போய்ப் பாருங்கள்!" நாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறோம். இந்தக் கட்டுரையை எழுதி முடிப்பதற்குள் அப்படி இரண்டு தடவை எழுந்து போய் வந்தாயிற்று.